எக்ஸ்-47பி: எல்லாப் பரீட்சையிலும் தேறி, வேலை கிடைக்காத போர்விமானம்

அமெரிக்கக் கடற்படைக்காக நார்த்ராப் க்ரம்மன் நிறுவனம் கட்டிய எக்ஸ்-47பி ஒரு ஜெட் விமானம். வால் கிடையாது, விமானி கிடையாது, ரேடாரில் எளிதில் சிக்காத வடிவம். 2013-இல் அது விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து தானே கிளம்பியது, பிறகு தானே வந்து இறங்கியது. 2015-இல் நடுவானில் டாங்கர் விமானத்திடமிருந்து தானே எரிபொருள் வாங்கிக்கொண்டது. ஆள் இல்லாத ஜெட் ஒன்று இந்த அளவுக்கு அதற்கு முன் செய்துகாட்டியதில்லை. மறுவருடம் பிப்ரவரியில், இதன் வழியில் வரவேண்டிய போர்விமானத் திட்டத்தையே கடற்படை கைவிட்டது. கட்டியது இரண்டே விமானங்கள். மூன்றாவது வரவேயில்லை.

ராணுவ விமானங்களைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இதற்கு ஒரு தயார் பதில் இருக்கிறது: விமானிகள் தங்கள் இருக்கையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் திட்டத்தைக் கொன்றுவிட்டார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஆவணப்படி நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது வேறு. எக்ஸ்-47பி தீர்த்துவைத்த சந்தேகம் ஒன்று. கடற்படை முடிவெடுக்க வேண்டியிருந்த கேள்வி இன்னொன்று.

எங்கிருந்து தொடங்கியது

கதை 1991-இல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் ஜனவரி 7 அன்று, பாதுகாப்பு அமைச்சராக இருந்த டிக் செய்னி, ஏ-12 என்ற ஸ்டெல்த் (ரேடாரில் எளிதில் சிக்காத) தாக்குதல் விமானத் திட்டத்தை ரத்து செய்தார். அதுவும் கடற்படைக்கானதுதான், அதுவும் முக்கோணப் பறக்கும் இறக்கைதான் (உடலும் வாலும் தனியாக இல்லாமல் முழுதும் இறக்கையாகவே இருக்கும் வடிவம்), ஆனால் விமானிகள் ஓட்டுவது. எடை கூடிக்கொண்டே போனது, செலவும் அப்படியே. ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. ரத்து செய்தது சரியா தவறா என்று ஒப்பந்த நிறுவனங்களுக்கும் அரசுக்கும் நடந்த வழக்கு 2014 ஜனவரியில்தான் சமரசத்தில் முடிந்தது. அதாவது, ஏ-12 இறங்காத கப்பல் தளத்தில் விமானியே இல்லாத பறக்கும் இறக்கை இறங்கி முடித்த பிறகு.

ஏ-12 விட்டுப்போன ஓட்டை சின்னதல்ல. அது மாற்ற வேண்டியிருந்த பழைய ஏ-6 இன்ட்ரூடர் 1997-இல் ஓய்வு பெற்றது. அதன் வேலையைத் தலையில் போட்டுக்கொண்ட எஃப்-18 ரக விமானங்களுக்கு அந்த அளவு வீச்சு இல்லை. டாங்கர் உதவி இல்லாவிட்டால், ஆயுதங்களோடு அவை போய்த் திரும்பக்கூடியது தோராயமாக ஆயிரம் கிலோமீட்டருக்குள்தான். இந்தப் பக்கம் சீனா, கப்பல்களைக் குறிவைக்கும் டிஎஃப்-21டி ஏவுகணையைக் கொண்டுவந்தது. அதன் வீச்சு சுமார் 1,500 கிலோமீட்டர் என்பது மதிப்பீடு. கணக்கு உதைக்கிறது. கப்பல் பத்திரமான தூரத்தில் நின்றால் விமானம் இலக்கை எட்டாது. விமானம் எட்ட வேண்டுமென்றால் கப்பல் ஏவுகணையின் எல்லைக்குள் போக வேண்டும்.

ஆளில்லா விமானம் இங்கேதான் ஆசை காட்டியது. மனிதன் எட்டு, பத்து மணி நேரத்தில் களைத்துப்போவான். இயந்திரத்துக்கு எரிபொருள் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். இன்னொரு லாபமும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் வாய் திறப்பதில்லை. கப்பல் தளத்தில் இறங்குவது பழக்கம் விட்டால் கைவிட்டுப்போகிற வித்தை. விமானிகள் அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே போர் இல்லாத நாட்களிலும் ஓயாமல் பறக்க வேண்டியிருக்கிறது. அதில் விமானத்தின் ஆயுளில் பெரும் பங்கு கரைகிறது. மென்பொருளுக்குப் பழக்கம் விட்டுப்போவதில்லை. தேவைப்படும்வரை விமானத்தைக் கொட்டகையிலேயே வைத்திருக்கலாம். வாங்க வேண்டிய விமானங்களின் எண்ணிக்கையே குறையும். கணக்குப் பார்க்கிறவருக்கு இது இனிக்கும். விமானிப் படைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு படைகள், கட்டாயக் கல்யாணம்

விமானப்படை ஏற்கெனவே போயிங்கோடு எக்ஸ்-45ஏ-யைத் தொடங்கியிருந்தது. 2002 மே மாதம் அது முதலில் பறந்தது. 2004 ஏப்ரலில் சீனா லேக் சோதனைத் தளத்தில் ஜிபிஎஸ் வழிகாட்டும் வெடிமருந்தில்லாத குண்டு ஒன்றைப் போட்டுக் காட்டியது. கடற்படை தன் பங்குக்கு நார்த்ராப் க்ரம்மனின் எக்ஸ்-47ஏ-யை வைத்திருந்தது. பட்டம் போன்ற உருவம், நீளமும் அகலமும் எட்டரை மீட்டர் அளவுதான். 2003 பிப்ரவரி 23 அன்று 12 நிமிடம் பறந்து, கப்பல் தளத்தில், விமானம் தன் கொக்கியால் பிடித்து நிற்கும் கம்பி இருக்கக்கூடிய இடமாகக் குறித்துவைத்திருந்த புள்ளிக்கு அருகே இறங்கியது.

இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, சேர்த்துச் செய்தால் செலவு மிச்சம் என்று பென்டகன் 2003-இல் இரண்டையும் ஒரே திட்டமாக்கியது. விமானப்படைக்கு வேண்டியது எதிரியின் வான்பாதுகாப்பை முதல் அடியிலேயே உடைக்கும் விமானம். கடற்படைக்கு வேண்டியது கப்பலிலிருந்து கிளம்பி நெடுநேரம் வானில் தங்கக்கூடிய ஒன்று. இருவரையும் திருப்திப்படுத்தப் போய் விமானம் பெருத்தது. 2006 பிப்ரவரியில் வெளிவந்த பாதுகாப்பு மறுஆய்வு கல்யாணத்தை முறித்தது. விமானப்படை புதிய குண்டுவீச்சு விமானத்தை நோக்கித் திரும்பியது. கடற்படை, கப்பலில் இறங்க முடியுமா என்பதை மட்டும் நிரூபிக்கும் சோதனைத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. 2007 ஆகஸ்டில் நார்த்ராப் க்ரம்மனுக்கு 63.58 கோடி டாலர் ஒப்பந்தம், இரண்டு விமானங்களுக்கு.

“மட்டும்” என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எதிரியின் வானில் ஊடுருவ முடியுமா, குண்டு போட முடியுமா, ரேடியோவை முடக்கினால் என்ன செய்யும் ஆகிய எதுவும் இந்த ஒப்பந்தத்தின் கேள்வியல்ல.

வடிவத்துக்குள் இருக்கும் சிக்கல்

எக்ஸ்-47பி சின்ன விமானமல்ல. நீளம் 11.6 மீட்டர், இறக்கை விரித்தால் 18.9 மீட்டர், மடித்தால் 9.4 மீட்டர். அதிகபட்ச எடை 20 டன்னுக்குக் கொஞ்சம் மேல். எஞ்சின், எஃப்-15, எஃப்-16 விமானங்களில் இருக்கும் எஃப்100 குடும்பத்தைச் சேர்ந்தது, ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) இல்லாமல். அது காற்றை வாங்கும் வாய் விமானத்தின் முதுகில் இருக்கிறது. அங்கிருந்து குழாய் நேராகப் போகாமல் வளைந்து போகிறது. காரணம், எஞ்சினின் முன்பக்கத் தகடுகள் ரேடார் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்பும். வளைவு அவற்றை மறைக்கிறது. செங்குத்து வால் இல்லாததும் இதற்காகத்தான். நிமிர்ந்து நிற்கும் எந்தத் தகடும் பக்கவாட்டிலிருந்து வரும் ரேடாருக்குக் கண்ணாடி.

ஆனால் கப்பலில் இறங்க வேண்டியவனுக்கு வால் இல்லாதது பெரிய தலைவலி. சாதாரண விமானம் வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்னால் ஃப்ளாப்பைக் கீழே இறக்கும். அப்போது மூக்கு கீழே சாயும். வால் அதைச் சமன்செய்யும். வாலே இல்லை என்றால் சமன்செய்ய ஆள் இல்லை, ஃப்ளாப்பைத் தாராளமாகப் பயன்படுத்த முடியாது. அதனால் இறக்கையே பெரிதாக இருக்க வேண்டும். எக்ஸ்-47ஏ-யின் குறுகிய பட்ட வடிவத்துக்கு இரு பக்கமும் நீண்ட இறக்கை ஒட்டப்பட்டது இதற்காகத்தான். நெடுநேரம் பறக்கவும் அது உதவியது. பிறகு, இடவலமாகத் திரும்புவது. வாலில் இருக்கும் சுக்கான் இல்லை. ஒரு இறக்கையில் காற்றுத் தடையைக் கூட்டித்தான் திரும்ப வேண்டும்.

இதோடு கப்பல் கொடுக்கும் தொந்தரவு. விமானந்தாங்கிக் கப்பலின் வலப்பக்கம் நிற்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைத் தாண்டி வரும் காற்று, கப்பலின் பின்னால் கலங்கிக் கீழ்நோக்கி இழுக்கும். விமானம் இறங்குவதற்குச் சில விநாடிகள் முன்பு, மிகவும் நிதானமாக இருக்க வேண்டிய நேரத்தில், அந்தக் கலங்கலுக்குள் நுழைகிறது. தளமும் சும்மா இருப்பதில்லை. முன்னே போகிறது, ஏறுகிறது, இறங்குகிறது, லேசாகப் புரள்கிறது.

இதற்குக் கண்ட வழி, விமானத்திலும் கப்பலிலும் ஜிபிஎஸ் வைத்து, ஒன்றுக்கொன்று எங்கே இருக்கிறது என்ற வித்தியாசத்தைத் தரவு இணைப்பில் விடாமல் அனுப்பிக்கொண்டே இருப்பது. பூமியில் எங்கே இருக்கிறோம் என்பது இங்கே முக்கியமல்ல. தளத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதுதான் முக்கியம். இந்த மென்பொருளை நேராக ஆளில்லா விமானத்தில் ஏற்றவில்லை. 2011 ஜூலையில் ஐசனோவர் கப்பலில் ஒரு எஃப்-18 விமானத்தை அதே மென்பொருள் கொண்டுவந்து இறக்கியது. விமானி உள்ளே உட்கார்ந்து, கட்டுப்பாட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பொறியியல் என்றால் எனக்கு இதுதான். புதிய மூளையை முதலில் பழைய உடம்பில் சோதித்தார்கள்.

எக்ஸ்-47பி 2008 டிசம்பர் 16 அன்று பாம்டேல் ஆலையில் வெளியே காட்டப்பட்டது. எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில் முதல் பறப்பு 2011 பிப்ரவரி 4, மொத்தம் 29 நிமிடம். சொன்ன தேதியைவிட ஒரு வருடத்துக்கு மேல் தாமதம்.

ஸ்டெல்த் விமானம் என்று இதை எல்லோரும் சொல்கிறோம். அது பாதி உண்மை. வடிவம் ஸ்டெல்த் வடிவம். ரேடாரை உறிஞ்சும் பூச்சு போடப்படவில்லை. இரண்டு டன் ஆயுதம் கொள்ளும் இரு அறைகள் வயிற்றில் இருந்தன, அவற்றிலிருந்து ஒரு குண்டும் போடப்படவில்லை. உப்புக் காற்றில் மாதக்கணக்கில் நிற்கும் தளத்தில் ஆளில்லா விமானத்தின் ஸ்டெல்த் பூச்சைப் பராமரிப்பது எப்படி என்ற கேள்விக்கு இத்திட்டத்திலிருந்து பதில் எதிர்பார்க்க முடியாது.

தளத்தில் நடந்தது

2012 நவம்பர் இறுதியில் நார்ஃபோக் துறைமுகத்தில் ஒரு எக்ஸ்-47பி-யைக் கிரேனால் தூக்கி ட்ரூமன் கப்பலில் வைத்தார்கள். பறக்க அல்ல, தளத்தில் நகர்த்திப் பார்க்க. வெளியாட்களுக்கு இது சில்லறை வேலையாகத் தெரியும். ஆனால் மேல்தளத்தில் இடம் அவ்வளவு நெருக்கடி. ஒரு விமானம் இரண்டு அடி தவறினால் பக்கத்து விமானத்தின் இறக்கை போகும், இல்லை ஒரு மாலுமி போவார்.

தளத்தில் மஞ்சள் சட்டைக்காரர்தான் ராஜா. அவர் கையசைவைப் பார்த்து விமானி முன்னே வருவார், நிற்பார், திரும்புவார், இறக்கை மடிப்பார். இங்கே பார்க்க விமானி இல்லை. கையசைவைக் கேமராவே படித்துப் புரிந்துகொள்ள வைக்க முடியுமா என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தனியாக ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. எக்ஸ்-47பி குழு அந்த வம்புக்கே போகவில்லை. முன்கையில் மாட்டிக்கொள்ளும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை ஓர் ஆளிடம் கொடுத்தார்கள். அவர் மஞ்சள் சட்டைக்காரரின் சைகையைப் பார்த்து, எஞ்சின் வேகம், முன்சக்கரத் திருப்பம், பிரேக், கொக்கி எல்லாவற்றையும் கையிலிருந்தே இயக்குவார். மஞ்சள் சட்டைக்காரர் தன் சைகையை மாற்றிக்கொள்ள வேண்டியதே இல்லை. புதிய விருந்தாளிக்காக வீட்டு வழக்கத்தை மாற்றாமல் விட்டது, இத்திட்டத்தின் புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்று.

இறங்கும்போதும் அப்படியே. தளத்தின் ஓரத்தில் நிற்கும் இறக்க அதிகாரியின் கையில் ஒரு சுவிட்ச் இருக்கும். வருகிற விமானம் சரியில்லை என்றால் அழுத்துவார். சிவப்பு விளக்கு எரியும். விமானி மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதே சுவிட்ச் இப்போது தரவு இணைப்பு வழியாக எக்ஸ்-47பி-க்கும் செய்தி அனுப்பியது. கப்பலுக்குள் ஓர் அறையில் பணி இயக்குநர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் கீபோர்டும் மவுஸும்தான், ஓட்டும் கைப்பிடி கிடையாது. அவர் விமானத்தை ஓட்டுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2013 மே 14 அன்று வர்ஜீனியா கடலோரத்துக்கு அப்பால் ஜார்ஜ் ஹெச்.டபிள்யூ. புஷ் கப்பலிலிருந்து கேட்டபுல்ட் (தளத்திலிருந்து விமானத்தை உந்தி எறியும் கருவி) அதை வீசியது. 65 நிமிடம் பறந்து மேரிலாந்தில் பாட்டக்ஸன்ட் ரிவர் தளத்தில் இறங்கியது. ஜூலை 10 அன்று அங்கிருந்து கிளம்பி வந்து, கடற்படைச் செயலர் ரே மேபஸ் தளத்தில் நின்று பார்க்க, மூன்றாவது கம்பியைக் கொக்கியால் பிடித்தது. மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டரில் நின்றது. மறுபடி கிளம்பி, மறுபடி இறங்கியது.

மூன்றாவது முயற்சியில் இறங்கவில்லை. அதைத்தான் நான் இந்தத் திட்டத்தின் மிகச் சுவையான பகுதி என்பேன்.

கப்பலை நோக்கி வந்துகொண்டிருந்த விமானம், தன் வழிகாட்டும் கணினியில் கோளாறு இருப்பதைத் தானே கண்டுபிடித்தது. ஒன்றுக்கொன்று காவலாக இருக்கும் மூன்று துணைத் தொகுதிகளில் ஒன்று சரியாக இல்லை. மீதி இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. உள்ளே விமானி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது ஆளைப் பொறுத்தது. இரண்டு நன்றாக இருக்கிறதே என்று இறங்கியிருக்கவும் கூடும். எக்ஸ்-47பி-க்கு முன்கூட்டியே எழுதி வைத்திருந்த விதி, சந்தேகம் வந்தால் கரைக்குப் போ என்பது. அது திரும்பி, வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவு ஓடுபாதையில் பத்திரமாக இறங்கியது. சில நாள் கழித்து இன்னொரு விமானத்தை வைத்து நடந்த நான்காவது முயற்சியும் கருவிக் கோளாறால் கைவிடப்பட்டது.

அன்று வந்த செய்திகளில் இதைத் தோல்வி என்று எழுதியவர்களும் உண்டு, இயந்திரம் கீழ்ப்படிந்தது என்று மெச்சியவர்களும் உண்டு. இரண்டு பேருமே வாலப்ஸ் தீவை மறந்துவிட்டார்கள். கரை அருகே இருந்ததால் அந்த விதி செல்லுபடியானது. பசிபிக் நடுவில், பக்கத்தில் எந்த ஓடுபாதையும் இல்லாத இடத்தில், அதே கோளாறு வந்தால் விதி என்ன சொல்ல வேண்டும்? இரண்டு தொகுதியை நம்பி ஐயாயிரம் பேர் இருக்கும் கப்பலில் இறங்கு என்றா, கடலில் விழு என்றா? விமானியின் மனத்தில் அந்த நொடியில் நடக்கும் எடைபோடலை ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து முன்கூட்டியே எழுத வேண்டும். எழுதுகிறவர் கையெழுத்தும் போட வேண்டும்.

அடுத்தடுத்த சோதனைகள் சுமுகம். 2014 ஆகஸ்டில் தியோடர் ரூஸ்வெல்ட் கப்பலில் எஃப்-18-களோடு கலந்து பறந்தது. இறங்கியதும் கொக்கியை எடுத்து, இறக்கையை மடித்து, அடுத்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். 90 விநாடி இடைவெளி என்பது இலக்கு. 2015 ஏப்ரல் 16 அன்று டாங்கரின் குழாயில் தன் முனையைச் செருகிப் பார்த்தது. 22-ஆம் தேதி 1,800 கிலோவுக்கு மேல் எரிபொருள் வாங்கியது. இதற்கு நடுவில், அமெரிக்க விமானத்துறையின் உயரிய விருதான காலியர் விருதும் 2013-க்காக வந்தது. மொத்தச் செலவு சுமார் 140 கோடி டாலர்.

கப்பலுக்கு வெளியே நடந்தது

விமானம் கடலில் தேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வாஷிங்டனில் அதன் வாரிசுக்கான வேலைவிவரத்தைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வாரிசுத் திட்டத்தின் பெயர் யூக்ளாஸ். தொடக்கத்தில் பேசப்பட்டது தூரத் தாக்குதல். 2012 இறுதியில் பென்டகனின் உயர் குழு தேவைப் பட்டியலைத் திருத்தியது. முக்கிய வேலை கண்காணிப்பு, தாக்குதல் கொஞ்சம், அதுவும் பாதுகாப்புக் குறைந்த வானில், விலை மட்டுப்படுத்தப்பட வேண்டும். அந்தக் காலத்தைப் பாருங்கள். பாகிஸ்தான், ஏமன் பக்கம் அமெரிக்க ட்ரோன் தாக்குதல்கள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. அண்டை நாடுகளிடம் தளத்துக்கு அனுமதி கேட்காமல் கப்பலிலிருந்தே ட்ரோனை அனுப்ப முடிந்தால் எவ்வளவு வசதி! அந்த வசதிக்கு ஸ்டெல்த் தேவையில்லை, எக்ஸ்-47பி-யும் தேவையில்லை.

2012 நவம்பரில் பென்டகன் ஓர் ஆணையையும் வெளியிட்டது. தானியங்கி ஆயுதங்களில், ஆயுதத்தைப் பிரயோகிக்கும் முடிவில் மனிதரின் தக்க தீர்ப்பு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நியாயமான ஆணை. ஆனால் எதிரி ரேடியோவை முடக்கும் வானில், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விமானத்துக்கு அந்தத் தீர்ப்பை எப்படிக் கொண்டுசேர்ப்பது? யூக்ளாஸ் பாதுகாப்பு உள்ள வானுக்குப் போவதாக இருந்தால் இதற்குப் பதில் வேண்டும். கண்காணிப்பு என்று மாற்றிவிட்டால் கேள்வியே எழாது.

எதிர்ப்பும் பலமாக வந்தது. பிரதிநிதிகள் சபையின் கடற்படைத் துணைக்குழுத் தலைவர் ராண்டி ஃபோர்ப்ஸ் ஒரு பக்கம், செனட்டர் ஜான் மெக்கெய்ன் இன்னொரு பக்கம். இருவரும் தாக்குதல் திறனைக் கேட்டார்கள். ஏலத்துக்கான அழைப்பு ஒத்திப்போடப்பட்டுக்கொண்டே போனது. போயிங், லாக்ஹீட் மார்ட்டின், ஜெனரல் அடாமிக்ஸ், நார்த்ராப் நான்கும் வரைபடங்களோடு காத்துக் கிடந்தன.

இந்தக் கட்டத்தில் எனக்கு விளங்கிக்கொள்ளக் கடினமான மனிதர் ராபர்ட் வொர்க். 2008-இல் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது, கப்பலில் ஸ்டெல்த் ஆளில்லா தாக்குதல் விமானம் ஏன் வேண்டும் என்று விரிவான ஆய்வறிக்கையை இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவர். 2014-இல் துணைப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். அவர் பதவியில் இருக்கும்போதுதான் யூக்ளாஸ் மறுஆய்வுக்காக நிறுத்திவைக்கப்பட்டது, அவர் பதவியில் இருக்கும்போதுதான் அது டாங்கர் ஆனது. கொள்கை மாறியதா, பட்ஜெட் மாற்றியதா? வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் பட்ஜெட் என்றுதான் படுகிறது. விமானி ஓட்டும் புதிய ஸ்டெல்த் போர்விமானமான எஃப்-35சி வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அதன்பின் வரவேண்டிய அடுத்த தலைமுறைப் போர்விமானத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். ஸ்டெல்த் ஆளில்லா தாக்குதல் விமானம் வந்தால் இரண்டில் ஒன்றின் இடத்தைத்தான் கேட்கும். கண்காணிப்பு ட்ரோனோ டாங்கரோ யார் இடத்தையும் கேட்காது.

சுவாரஸ்யம் என்னவென்றால், எக்ஸ்-47பி டாங்கரோடு முதலில் இணைந்த அதே வாரத்தில்தான் கடற்படைச் செயலர் மேபஸ், எஃப்-35 பெரும்பாலும் கடற்படை வாங்கும் கடைசி விமானி ஓட்டும் தாக்குதல் விமானமாக இருக்கும் என்று மேடையில் பேசினார். பத்து மாதம் கழித்து, 2016 பிப்ரவரி பட்ஜெட்டில், யூக்ளாஸ் போய் டாங்கர் வந்தது.

டாங்கர் முடிவை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். எஸ்-3 வைக்கிங் விமானங்கள் ஓய்வுபெற்றபின், கப்பலில் டாங்கர் வேலையை எஃப்-18-களே செய்துவந்தன. அவற்றின் பறப்புகளில் 20 முதல் 30 சதவீதம் அதற்கே போனதாகக் கடற்படையே சொன்னது. போர்விமானங்களின் ஆயுளை எரிபொருள் சுமந்தே தீர்ப்பது வீண். 925 கிலோமீட்டர் தள்ளிப் போய் ஆறு, ஏழு டன் எரிபொருள் கொடுக்கும் ஆளில்லா டாங்கர் இருந்தால், எல்லா விமானங்களின் வீச்சும் கூடும். கணக்கு சரி. ஆனால் ஆரம்பக் கணக்கு, பலத்த பாதுகாப்புள்ள வானுக்குள் யார் போவது என்பது. அதற்கு டாங்கர் பதிலல்ல. அந்த வேலை மறுபடி விமானி ஓட்டும் விமானத்தின் தலையிலேயே விழுந்தது.

ஸ்டெல்த் தேவை நீங்கியதும் பறக்கும் இறக்கைக்கு இருந்த சாதகமும் போனது. 2017 அக்டோபரில் நார்த்ராப் க்ரம்மன் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. கப்பலில் இறக்கிக் காட்டிய ஒரே நிறுவனம் விலகியது. 2018 ஆகஸ்ட் 30 அன்று போயிங்குக்கு 80.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது, எம்க்யூ-25 ஸ்டிங்ரே என்ற பெயரில். அதற்கு வால் உண்டு.

மற்றவர்கள்

இது அமெரிக்காவின் தனி நோய் அல்ல. பிரான்ஸ் தலைமையில் ஆறு நாடுகள் சேர்ந்து செய்த நியூரான் 2012 டிசம்பரில் பறந்தது. பிரிட்டனின் டாரனிஸ் 2013 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் வூமராவில் பறந்தது. இரண்டும் சோதனை விமானங்களாகவே நின்றன. ரஷ்யாவின் ஒஹோத்னிக் 2019-இல் பறந்தது. 2024 அக்டோபரில் உக்ரைன் வானில் கட்டுப்பாடு இழந்து போய்க்கொண்டிருந்ததை ரஷ்யப் போர்விமானமே சுட்டு வீழ்த்தியதாகச் செய்தி வந்தது.

நம் நாட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் பெங்களூர் ஆய்வகம் ஏடிஇ, காதக் என்ற ஸ்டெல்த் ஆளில்லா விமானத்துக்கு முன்னோடியாக ஸ்விஃப்ட் என்ற சிறிய பறக்கும் இறக்கையைக் கட்டியது. 2022 ஜூலை 1 அன்று சித்ரதுர்கா சோதனைத் தளத்தில் முதல் பறப்பு. 2023 டிசம்பரில் வால் இல்லாத வடிவத்தில் பறந்து, ககன் என்ற இந்திய வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பின் உதவியோடு தானே தரையிறங்கியது. ஒரு டன் எடையைத் தாங்கும் அதன் மடக்கு லேண்டிங் கியர் சென்னை ஆவடியில் இருக்கும் சிவிஆர்டிஇ-யில் உருவானது. டாங்கி செய்கிற இடம் என்று மட்டுமே அதை அறிந்தவர்கள் கவனிக்கலாம். கப்பல் தளம் என்ற வில்லங்கம் இங்கே இல்லை, நீண்ட ஓடுபாதை இருக்கிறது. இங்கே முடிச்சு எஞ்சினில். எக்ஸ்-47பி கடையில் இருந்த எஞ்சினை எடுத்து மாட்டிக்கொண்டது. ஸ்விஃப்டில் இருப்பது ரஷ்யாவின் 36எம்டி, ஏவுகணைகளுக்கான சிறிய எஞ்சின். பெரிய காதக்குக்கு, உள்நாட்டில் உருவாகும் காவேரி எஞ்சினின் ஆஃப்டர்பர்னர் இல்லாத வடிவத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

மிஞ்சியது

எக்ஸ்-47பி-யின் வடிவம் வாரிசு இல்லாமல் போனாலும் வேலைமுறை வீண்போகவில்லை. தளத்தில் ஒருவர் கையிலிருந்தே நகர்த்துவது, இறக்க அதிகாரியின் சுவிட்ச் விமானத்தோடு நேராகப் பேசுவது, கைப்பிடி இல்லாத கட்டுப்பாட்டு அறை எல்லாமே எக்ஸ்-47பி குழு கப்பலில் முதலில் செய்துபார்த்தவை. எம்க்யூ-25-இன் முன்மாதிரி 2021 ஜூன் 4 அன்று ஒரு எஃப்-18-க்கு நடுவானில் எரிபொருள் கொடுத்தது. எக்ஸ்-47பி வாங்கிக் காட்டியது, இது கொடுத்துக் காட்டியது. அந்த டிசம்பரில் அதன் தள நகர்வுச் சோதனை நடந்ததும் புஷ் கப்பலில்தான். ஆளில்லா விமானங்களை இயக்கத் தனி அறையை நிரந்தரமாக முதலில் பொருத்தியதும் 2024-இல் அதே கப்பலில்தான். அந்த அறையிலிருந்து இயக்கப்போவது டாங்கரை.